பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறீர்களா? செட்டிநாட்டில் குப்பையையும் பழைய சாமானையும் முறையாகக் கழிக்க முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரிலோ லண்டனிலோ கோலாலம்பூரிலோ இருந்துவிட்டு, கல்யாணத்துக்கோ படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) ஊர் வந்து வீட்டைத் திறப்பவர்களுக்காக எழுதியது இது. அங்கே வேண்டாத பொருளை எப்படிக் கழிப்பது என்பது எல்லோருக்கும் பழகிய விஷயம். இங்கிலாந்தில் காரில் ஏற்றி, முகவரிச் சான்றைக் காட்டி, மறுசுழற்சி மையத்தில் மரத்துக்கு ஒரு தொட்டி, இரும்புக்கு ஒரு தொட்டி என்று போட்டுவிட்டு வரலாம். சிங்கப்பூரில் 2026 ஏப்ரல் 1 முதல் பான பாட்டிலையும் டின்னையும் திருப்பிக் கொடுத்தால் 10 காசு கிடைக்கிறது. செட்டிநாட்டில் அப்படி எல்லாவற்றையும் ஏற்கும் ஒரே வாசல் கிடையாது. அதே வேலையை இங்கே பல கைகள் பிரித்துச் செய்கின்றன. தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர், பழைய பேப்பர் கடை, பழைய இரும்புக் கடை, பேட்டரிக் கடை, மெத்தை தைப்பவர், பேரூராட்சியின் வளம் மீட்புப் பூங்கா (குப்பையைப் பிரித்து உரமாகவும் பொருளாகவும் மீட்கும் இடம்) எல்லாம் சேர்ந்ததுதான் நம் ஊர் மறுசுழற்சி மையம். எதை யாரிடம், எந்த வரிசையில் கொடுப்பது என்று தெரிந்தால் வீட்டிலிருந்து போவதில் பெரும்பகுதி மறுபடி பொருளாகிவிடும்.

தெரியாவிட்டால் நடப்பது எங்கும் ஒன்றுதான். பதினான்கு நாள் எல்லாவற்றையும் பின்கட்டில் குவித்து வைத்து, விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் ஒரு டிராக்டரைக் கூப்பிட்டு, "எங்கேயாவது கொட்டிருங்கண்ணே" என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த 'எங்கேயாவது' பெரும்பாலும் ஊருணிக்கு நீர் வரும் வரத்துக்கால் ஓரமாகவோ கண்மாய்க் கரையாகவோ இருக்கும். அங்கே தீ வைப்பார்கள். எரியாதது அடுத்த மழையில் ஊருணிக்குள் இறங்கும். கூரை நீர் வளவுக்கு (உள்முற்றத்துக்கு), வளவு நீர் ஊருணிக்கு என்று வாட்டம் பார்த்துக் கட்டிய ஊர்களில் இதைச் செய்வது மனம் பொறுக்காத காரியம். ஆகவே கழிப்பதற்கான ஏற்பாடு வீட்டைத் திறக்கும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும்.

முதலில்: உங்கள் வீடு யார் எல்லையில் இருக்கிறது?

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. தேவகோட்டை நகராட்சி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதி, அரிமளம் ஆகியவை பேரூராட்சிகள். ஆத்தங்குடி போன்றவை கிராம ஊராட்சிகள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், யார் பெயரில் ரசீது இருக்கிறதோ அவர்களே குப்பைக்கும் பொறுப்பு.

மாநகராட்சி, நகராட்சியில் சுகாதார ஆய்வாளரைப் பார்க்க வேண்டும். பேரூராட்சியில் செயல் அலுவலர் அலுவலகம். ஊராட்சியில் ஊராட்சிச் செயலர். அங்கே குப்பை வாங்க வருபவர் தூய்மைக் காவலர். நேரில் போய் மூன்று கேள்வி கேட்டால் போதும்: எங்கள் தெருவுக்கு வண்டி எத்தனை மணிக்கு வருகிறது? மொத்தமாக வரும் குப்பைக்குத் தனி வண்டி அனுப்புவீர்களா, கட்டணம் எவ்வளவு? பல்பு, மருந்து, பேட்டரி போன்றவற்றை எந்த நாளில், எங்கே வாங்குகிறீர்கள்? நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரியோடு குப்பைக் கட்டணமும் சேர்ந்து வரும். பூட்டிய வீட்டுக்கும் பாக்கி நிற்கக்கூடும் என்பதால் அதையும் அப்போதே கேட்டுக் கட்டிவிடுங்கள். பாக்கி வைத்துக்கொண்டு தனி வண்டி கேட்பது சங்கடம். பல முறை சொல்லியும் வண்டி வரவில்லை என்றால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

விதி என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னது. 2026 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய விதிகளில் நான்கு: ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு (நாப்கின், டயப்பர்), சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு (பல்பு, மருந்து, பெயிண்ட் டப்பா போன்றவை). தெருவுக்கு வரும் வண்டியில் இன்னும் பச்சை, நீலம் என்று இரண்டு தொட்டிதான் இருந்தாலும் நீங்கள் வீட்டில் நான்காகவே பிரித்து வையுங்கள். பிரித்ததைச் சேர்ப்பது நிமிட வேலை. சேர்ந்ததைப் பிரிக்க யாராலும் முடியாது.

தூசியில் கை வைக்கும் முன்

நான்கைந்து வருடம் பூட்டிய வீட்டில் முதல் ஆபத்து தூசிதான். மேல்மாடியிலும் சாமான் அறையிலும் வௌவால் எச்சம், எலிப் புழுக்கை, புறா எச்சம் இருக்கும். காய்ந்த எச்சத்தை விளக்குமாறால் அடித்துக் கூட்டினால் பூஞ்சைத் துகள் காற்றில் ஏறி நுரையீரலுக்குப் போகும். எலிச் சிறுநீர் பட்ட இடத்தில் வெறுங்கையை வைத்தால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு.

கதவு, சன்னல், வளவுக் கதவு எல்லாவற்றையும் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். என்95 முகக்கவசம், முழங்கை வரை ரப்பர் கையுறை, மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். எச்சம் உள்ள இடத்தில் தெளிப்பானால் சோப்புத் தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, தகரத் தட்டால் வழித்து எடுங்கள். வேலைக்கு வரும் அக்காமார்களுக்கும் அதே கவசத்தையும் கையுறையையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்க்க அவர்களை விடக் கூடாது. அடுக்கி வைத்த பலகை, ஓடு, சாக்கு எதையும் கையை உள்ளே விட்டுத் தூக்காதீர்கள். தேளும் கட்டுவிரியனும் ஒதுங்குமிடம் அது. கம்பால் தட்டிவிட்டு, தள்ளி நின்று கம்பாலேயே சாய்த்துப் பாருங்கள்.

பிரிக்கும் இடம், பிரிக்கும் வரிசை

இரண்டாம் கட்டு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம் இதற்குத் தோதானது. மழை வந்தாலும் நனையாது, வெளிச்சம் இருக்கும், பின்வாசல் வழியாக வண்டிக்கு ஏற்றலாம். சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கோடு போட்டு ஏழு பகுதியாக்குங்கள்: காகிதம், உலோகம், மரமும் பீங்கானும், துணி, மின் சாமான், ஆபத்தானவை, தெரியாதவை. ஈரக் குப்பை இங்கே வரவே கூடாது. அது தோட்டத்தோடு நிற்க வேண்டும்.

'தெரியாதவை' என்ற பகுதிதான் இதில் முக்கியம். என்னவென்று தெரியாத பொருளை அவசரத்தில் குப்பை என்று முடிவு செய்வதால்தான் செட்டிநாட்டு வீடுகள் இழக்கக் கூடாததை எல்லாம் இழக்கின்றன. அந்தக் குவியலை ஊரில் இருக்கும் ஒரு வயதான ஆச்சியையோ ஐயாவையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் பாதிக்குப் பெயரும் பயனும் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, வீடு பங்காளிகளுக்குப் பொது என்றால் பொது அறையில் உள்ள எதையும் தனியாக முடிவு செய்யாதீர்கள். நம் ஊர்ப் பாத்திரங்களில் உடையவரின் விலாச எழுத்துகளை (குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள்) வெட்டியிருப்பார்கள். அடிப்பாகத்தையும் விளிம்பையும் துடைத்துப் பார்த்து, எழுத்து வாரியாகப் பிரித்துப் படம் எடுத்து, பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மூன்று நான்கு நாள் அவகாசம் கொடுங்கள். இதனால்தான் உலோகத்தை முதல் வாரத்திலேயே பிரிக்கச் சொல்கிறோம்.

இரண்டு வாரம் இருந்தால் இப்படி ஓட்டலாம்: முதல் இரண்டு நாள் தூசி. மூன்று முதல் ஆறு வரை பிரிப்பு, அதில் உலோகம் முதலில். ஏழாம் நாள் பங்காளிகளின் பதில் வரும். எட்டு, ஒன்பதில் பேப்பர் கடை, இரும்புக் கடை. பத்தில் மின் சாமான், பேட்டரி. பதினொன்று, பன்னிரண்டில் உள்ளாட்சியின் தனி வண்டி. கடைசி இரண்டு நாள் காலியாக இருக்கட்டும், ஏதாவது ஒன்று கட்டாயம் தள்ளிப்போகும்.

காகிதம்: எடைக்குப் போடும் முன்

பழைய பேப்பர் கடைக்காரர் நாளிதழ், புத்தகம், அட்டை என்று மூன்றாகப் பிரித்து விலை சொல்வார். நனைந்ததும் கரையான் தின்றதும் விலை போகாது. வீட்டிலேயே எடை பார்த்துவிடுங்கள். 50 கிலோ வரை காட்டும் கைத்தராசு ஒன்று வாங்கினால் உலோகத்துக்கும் உதவும்.

ஆனால் எடைக்குப் போகக் கூடாத காகிதம் இந்த வீடுகளில் நிறைய. பேரேடு, பர்மா, மலாயாவிலிருந்து வந்த கடிதங்கள், இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஏடு), முறைச்சிட்டை (சீர்வரிசைக் குறிப்பு), கல்யாண அழைப்பிதழ், பழைய பஞ்சாங்கம், மருந்து விளம்பரம், நோட்டீஸ் எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் மூலச் சேகரிப்பு கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தன் வீட்டில் திரட்டி வைத்ததுதான். நூல், இதழோடு அழைப்பிதழையும் துண்டு நோட்டீசையும்கூட அவர் காப்பாற்றினார். உங்கள் வீட்டுக் கட்டையும் அந்த மாதிரி நூலகத்துக்கு எழுதிக் கேட்காமல் எடைக்குப் போடாதீர்கள். ஓலைச்சுவடி இருந்தால் கட்டை அவிழ்க்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, தெரிந்தவர் கைக்குப் போகும்வரை பெட்டகத்தில் வையுங்கள்.

வங்கி அறிக்கை, பாஸ்போர்ட் நகல் போன்றவற்றை எரிக்க வேண்டாம். கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டுக் கையால் பிசைந்தால் கூழாகிவிடும். பிழிந்து உரக்குழியில் சேர்க்கலாம். வழவழப்பான வண்ணத்தாள், பிளாஸ்டிக் பூசியது மட்டும் அதில் சேராது.

உலோகம்: பணமும் ஏமாற்றமும் இங்கேதான்

இரும்புக் கடைக்குப் போகும் முன் கையில் ஒரு நல்ல காந்தம் வேண்டும். காந்தம் ஒட்டினால் இரும்பு அல்லது தகரம். இரண்டுக்கும் விலை வேறு, கனத்த இரும்புக்குக் கூடுதல். எவர்சில்வரில் காந்தம் ஒட்டினால் விலை குறையும், ஒட்டாததைத் தனியே வையுங்கள்.

ஒட்டாத மற்றவற்றில்தான் கவனம் தேவை. அடிப்பக்கத்தில் ஆணியால் லேசாகக் கீறிப் பாருங்கள். சிவந்தால் செம்பு, மஞ்சளாக மின்னினால் பித்தளை. வெண்கலத்தைத் தட்டினால் மணி போல் நீண்டு ஒலிக்கும், பித்தளை அந்த அளவுக்கு ஒலிக்காது. மூன்றையும் கலந்து கொட்டினால் மட்டமானதன் விலையில்தான் மொத்தமும் போகும். பித்தளை அண்டாவில் இரும்பு வளையமோ, குத்துவிளக்கின் அடியில் நிரப்பிய மண்ணோ இருந்தால் அதைச் சாக்காக வைத்துக் கடையில் எடையைக் குறைப்பார்கள். வளையத்தை நீங்களே கழற்றி, விளக்கின் அடியைத் திறந்து காட்டிவிட்டால் அந்தப் பேச்சே வராது.

ஈயச்சொம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது பேட்டரியில் இருக்கும் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை உயர்ந்தது. பார்வைக்கு இரண்டும் சாம்பல் நிறந்தான், தெரியாதவர் காரீயக் கணக்கில் கொடுத்துவிடுவார். பரிசோதனை எளிது. வெள்ளைத் தாளில் விளிம்பால் கோடு போடுங்கள்: காரீயம் பென்சில் மாதிரி கருங்கோடு போடும், சுத்தமான வெள்ளீயம் அப்படிப் போடாது. கையில் தூக்கினாலும் தெரியும், ஒரே அளவில் காரீயம் ஒன்றரை மடங்கு கனம். வெள்ளீயத்தின் மெல்லிய ஓரத்தை வளைத்தால் கிறீச்சென்று சின்னச் சத்தம் வரும். காரீயம் கலந்தது என்று சந்தேகம் வந்தால் அதில் சமைக்கவே கூடாது.

பழைய வயரிங்கை மாற்றினீர்கள் என்றால் செம்புக் கம்பி கிடைக்கும். அதை வயரோடேயே எடைக்குக் கொடுங்கள், அல்லது கத்தியால் உரித்துக் கொடுங்கள். உங்கள் தோட்டத்தில் எரித்துச் செம்பை எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். பி.வி.சி உறை எரிந்தால் டயாக்ஸின் முதலிய நச்சுகள் வெளிவரும்; அந்தச் சாம்பல் தோட்டத்து மண்ணில் தங்கிவிடும்.

இரண்டு கடையில் விலை கேளுங்கள். எடை போடும்போது எதிரில் நில்லுங்கள். வீட்டிலேயே எடை எழுதி ஒட்டிய மூட்டையை இறக்கினால் தராசு தானாகவே நேராக நிற்கும்.

எனாமல், பீங்கான், தேக்கு: இவை குப்பை அல்ல

எனாமல் பாத்திரத்தை இரும்புக் கடையில் தகரத்தோடு சேர்த்துவிடுவார்கள். பூச்சு உதிர்ந்திருந்தாலும் அதை அங்கே கொண்டுபோகாதீர்கள். மங்குச் சாமான் (பீங்கான் பாத்திரம்), ஊறுகாய் ஜாடி, பழைய பூட்டு, கதவுக் கொண்டி, பெல்ஜியம் கண்ணாடித் துண்டு எல்லாவற்றுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மதிப்பு உண்டு. விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள், உங்கள் வீட்டில் இருப்பதன் மதிப்பு தெரியும். வீட்டுக்கு வந்து "எல்லாத்தையும் சேர்த்து ஒரு தொகை" என்று கேட்பவருக்கு அன்றே சரி சொல்லாதீர்கள்.

உடைந்த ஆத்தங்குடிக் கல்லையும் நாட்டு ஓட்டையும் பின்கட்டில் அடுக்கி வையுங்கள். தரையில் ஒரு கல் பெயர்ந்தால் அதே வயதுள்ள கல்தான் நிறம் பொருந்தும். பர்மாத் தேக்கின் சிறு துண்டுகூடக் கதவுப் பழுதுக்கு ஆசாரி கேட்பார்.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போக நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1972-ன் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கைவினைப் பொருள் போன்றவற்றைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணங்களுக்கு 75 ஆண்டு. தஞ்சாவூர் ஓவியமும் வெண்கலச் சிலையும் வீட்டுச் சொத்தே ஆனாலும் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். வயது குறைந்த பொருள் என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்குங்கள். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் பயணத்தின் கடைசி வாரத்தில் ஆரம்பிப்பதில் பயனில்லை.

ஆபத்தானவை

கரையானுக்கும் நெல்லுக்கும் போட்ட பழைய பூச்சி மருந்துத் தூள், பெயர் அழிந்த டப்பாவில், அடுப்படி மூலையிலோ நெல் அறையிலோ இருக்கும். இந்தியாவில் 1997-ல் தடை செய்யப்பட்ட பி.எச்.சி போன்றவை இன்னும் சில வீட்டில் கிடக்கின்றன. அவை எளிதில் சிதையாதவை. டப்பாவைத் திறக்காதீர்கள், கிணற்றடியில் கழுவாதீர்கள், குழி தோண்டிப் புதைக்காதீர்கள். நம் ஊர்ச் செம்பூராங்கல் தரை வழியாக இறங்கும் நீர்தான் பக்கத்துக் கிணற்றுக்கும் போகிறது. டப்பாவை அப்படியே மூடி உள்ள பிளாஸ்டிக் வாளியில் வைத்து, சுற்றிலும் மணலை நிரப்பி, 'விஷம்' என்று எழுதி, சிறப்புக் கவனக் கழிவாக உள்ளாட்சியிடம் சொல்லி ஒப்படையுங்கள்.

டியூப்லைட், சி.எப்.எல் பல்பில் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. உடையாமல் புதியது வந்த அட்டை உறையிலேயே சொருகிக் கொடுங்கள். உடைந்துவிட்டால் சன்னலைத் திறந்துவிட்டு 15 நிமிடம் வெளியே இருங்கள். பிறகு அட்டைத் துண்டால் வழித்து, பொடியை ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுத்து, மூடி உள்ள பாட்டிலில் போடுங்கள். விளக்குமாறு கூடாது, தூசி உறிஞ்சியும் கூடாது. பழைய வெப்பமானியும் ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசக் கருவியும் இருந்தால் அதே கவனம். பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் வழி சுலபம். புதியது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. எடை குறையட்டும் என்று அமிலத்தைக் கீழே ஊற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்; நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும். பவர் பேங்க், செல்போன் பேட்டரியின் முனைகளில் ஒட்டும் நாடா சுற்றித் தனி டப்பாவில் கொடுங்கள். அவை உலர் குப்பையோடு போய் வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், பாதிப்பு வண்டியில் நிற்கும் தொழிலாளிக்கு.

இன்சுலின் ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி இறுக்கி 'ஊசி' என்று எழுதுங்கள். காலாவதி மருந்தைக் கழிப்பறையில் கொட்ட வேண்டாம், அதுவும் சிறப்புக் கவனக் கழிவு. பெரியவர்களுக்குப் பயன்படுத்தும் டயப்பரைக் காகிதத்தில் சுற்றி, சிவப்பு மையால் குறி போட்டுத் தனிப் பையில் கொடுங்கள். வெறுங்கையால் வாங்கிப் பிரிப்பவருக்கு அந்தக் குறி ஒரு மரியாதை.

மின் சாமான்

பழைய கண்ணாடிக் குழாய் டி.வி.யில் காரீயம் கலந்த கண்ணாடி இருக்கிறது. இரும்புக் கடையில் செம்புச் சுருளை எடுத்துக்கொண்டு கண்ணாடியை உடைத்துப் போட்டுவிடுவார்கள். ஃபிரிட்ஜின் குழாயை வெட்டினால் உள்ளிருக்கும் வாயு வெளியேறிவிடும். இரண்டையும் உடைத்து விற்காமல் முழுசாகவே கொடுக்க வேண்டும். புதியது வாங்கும்போது மாற்றுச் சலுகையில் தள்ளுவது எளிய வழி. இல்லையென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில் மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு. ஒரு வீட்டுச் சாமானுக்காகக் காரைக்குடி வரை வண்டி வர யோசிப்பார்கள். தெருவில் நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டால் வருவார்கள். படைப்பு, கோயில் திருவிழா என்று எல்லோரும் ஊரில் இருக்கும் வாரம் இதற்கு ஏற்றது. கணினியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள்.

துணி, மெத்தை

இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு நாள் வெயிலில் போட்டு, மெத்தை தைப்பவரைக் கூப்பிட்டால் பஞ்சை அடித்துப் புது உறையில் திணித்துத் தருவார். பருத்தி வேட்டி, சேலை கிழிசலை வாகனப் பட்டறைகளில் துடைக்கத் துணியாக வாங்கிக்கொள்வார்கள். நுரை மெத்தையை யாரும் வாங்க மாட்டார்கள், அது உள்ளாட்சியின் தனி வண்டிக்குத்தான்.

ஈரக் குப்பை: தோட்டத்தோடு முடியட்டும்

செட்டிநாட்டு வீட்டுக்குத் தோட்டம் உண்டு, ஆகவே காய்கறித் தோலும் சருகும் வாசலைத் தாண்ட வேண்டியதே இல்லை. நிழலில், கிணற்றிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி, 3 அடி நீள அகல ஆழத்தில் ஒரு குழி. தரை கல்லாக இருந்து தோண்ட முடியவில்லை என்றால் 3 அடி விட்டமுள்ள சிமெண்ட் உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, கீழ் உறையில் நான்கைந்து துளை போட்டுக்கொள்ளுங்கள்.

அடியில் அரை அடி சருகும் சுள்ளியும். அதன்மேல் 3 அங்குலம் சமையல் கழிவு, மேலே அரை அடி சருகு, ஒரு சட்டி மண். 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ சாணம் கரைத்து ஒவ்வொரு அடுக்குக்கும் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகமாகிக் காற்று இல்லாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். சருகு சேர்த்துக் கிளறுங்கள். ஒன்றுமே மக்காமல் காய்ந்து கிடந்தால் தண்ணீர் போதவில்லை. நம் ஊர்ப் பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். மேலே தென்னங்கீற்றோ ஈரச் சாக்கோ போட்டு மூடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உரமாகும். நீங்கள் போன பிறகும் வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

விசேஷ வீடு என்றால்

100 பேருக்கு மேல் கூடும் விசேஷத்தை உள்ளாட்சியிடம் மூன்று வேலை நாள் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது 2016 முதலே விதிகளில் இருக்கிறது. தெரிவித்தால் லாபம் உங்களுக்குத்தான், பந்தி முடிந்ததும் வண்டி வந்து நிற்கும். இலை எடுப்பவர்களிடம் இரண்டு கூடை கொடுங்கள்: இலைக்கும் சோற்றுக்கும் ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று. பந்தி ஓடும்போது பிரித்தால்தான் உண்டு. பாட்டில் இலைக்குள் போய்விட்டால் அந்தக் குவியலை மாட்டுக்கும் போட முடியாது, உரத்துக்கும் போட முடியாது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் விசேஷ வீட்டுக்காரர் வழக்கமாக மறப்பவை மூன்று: மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, துணி போலத் தோன்றும் நெய்யாத தாம்பூலப் பை. சமையல்காரரிடமும் பந்தல்காரரிடமும் ஒப்பந்தம் பேசும்போதே சொல்லுங்கள். குவளைக்கு எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுக்கலாம், தாம்பூலத்துக்கு மஞ்சப்பை. ஓலைக் கொட்டான் என்றால் இன்னும் அழகு. முடைபவர்களிடம் இரண்டு மாதம் முன்னரே சொல்லி வைக்க வேண்டும்.

இடிபாடு

பழைய சுவரிலிருந்து விழுந்த சுண்ணாம்புக் காரையைச் சிமெண்ட் உடைசலோடு கலக்காதீர்கள். செங்கலைச் சுரண்டி அடுக்கினால் மறுபடி கட்ட உதவும். காரைத் தூளைத் தோட்டப் பள்ளத்தில் நிரப்பலாம். சிமெண்ட் உடைசலைக் கொட்டும் இடத்தை உள்ளாட்சியிடம் கேட்டு, டிராக்டரோடு வீட்டு ஆள் ஒருவரை அனுப்புங்கள். மாட்டுக்கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றினால் உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். உடைந்தால் வரும் நார் மூச்சில் போய்ப் பல வருடம் கழித்து நோயாகும். இறக்கியதைத் தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மற்ற இடிபாட்டோடு சேர்க்காமல் ஒப்படையுங்கள்.

பூட்டும் நாள்

ஃபிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து வையுங்கள். எரிவாயு உருளையைத் திரும்ப வரும்வரை தேவையில்லை என்றால் ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அட்டைப் பெட்டி எதையும் தரையில் விட்டுப் போகாதீர்கள், கரையான் முதலில் ஏறுவது அதில்தான். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மூன்று எண்களை எழுதிக் கொடுங்கள்: சுகாதார ஆய்வாளர் அல்லது ஊராட்சிச் செயலர், இரும்புக் கடைக்காரர், உங்கள் வாட்ஸ்அப். நீங்கள் இல்லாதபோது எந்தச் சாமானும் வெளியே போகும் முன் உங்களுக்குப் படம் வர வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் கூட்டிச் சேர்க்கும் சருகு உரக்குழிக்குப் போக வேண்டும், அதற்குத் தீ வைக்கக் கூடாது.